பி.டி. டீச்சரின் நாற்காலி

"அக்காவை இப்படியே விட்டுட்டு நான் எங்கடி வருவேன்?"

அழைத்துப்போக வந்திருந்த மகளிடம் கேட்டாள் அம்மா. மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்து, குடியிருக்க வீடும் கொடுத்திருந்தார்கள். சாயங்காலம் ரயில்.

சக்கர நாற்காலியிலிருந்து விசில் பறந்தது. முப்பது வருஷம் பள்ளி மைதானத்தில் பிள்ளைகளை ஓட ஓட விரட்டிய பி.டி. டீச்சர், அம்மாவின் அக்கா. நாலு வருஷமாக அந்த விசிலுக்கு ஒரே வேலை, தங்கையைக் கூப்பிடுவது.

"ரெண்டு பேரும் இங்க வாங்க. ஒரு உண்மையைச் சொல்லணும். என் காலுக்கு ஒண்ணுமே இல்ல."

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன பெரியம்மா சொல்றீங்க?"

"உங்கப்பா போனப்ப நீ ஹாஸ்டல்ல இருந்தே. உங்கம்மா நடுத்தெருவுல நின்னா. என்கூட வாடின்னா, உட்கார்ந்து சாப்பிட வரமாட்டேன்னு ஒரே வீம்பு. கால் விழுந்துடுச்சுன்னு ஒரு பொய் சொன்னேன். ஓடி வந்துட்டா."

"அம்மா, கேட்டியா இந்தக் கூத்தை?"

அம்மா சிரித்தாள். "எனக்கு வந்த மாசமே தெரியும்டி. நான் கடைக்குப் போயிட்டு வந்தா, மேல் அலமாரி டப்பா இடம் மாறியிருக்கும்."

டீச்சர் நாற்காலியைத் தங்கை பக்கம் திருப்பினாள். "தெரிஞ்சும் ஏண்டி கேக்கல?"

"கேட்டா அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை? எங்க போவேன்? நான் வெளிய போனா நீ நடப்பே. என்னிக்காவது என் கண்ணுல பட்டுட்டா? அதான் வெளிய போறதையே விட்டேன். சாமானை வாசலுக்கே வரவழைச்சேன். ராத்திரியும் உன் பக்கத்துலயே படுத்தேன். குளிக்கக்கூட நானே தூக்கித்தானே உட்கார வெச்சேன்!"

"அக்கா எட்டடி பாஞ்சா தங்கச்சி நீ பதினாறடி பாஞ்சிருக்கேம்மா!" என்றாள் மகள். மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

"சரி, எழுந்திரு அக்கா. வாசல் வரைக்கும் நடந்து வந்து வழியனுப்பு. நிம்மதியாப் போறேன்."

டீச்சர் கைப்பிடியை அழுத்தி எழுந்தாள். முழங்கால் மடங்கியது. பொத்தென்று நாற்காலியில் விழுந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் எழுந்தாள், மறுபடியும் விழுந்தாள்.

அம்மா கைதட்டினாள். "போதும்க்கா! எல்லாம் வெளிய வந்தாச்சு, இன்னும் என்ன நடிப்பு?"

டீச்சர் தன் கால்களையே வெறித்துப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இப்ப நான் நடிக்கலடி."