கடைசிப் பாட்டில் ஒரு பெண்குரல்

தம்பி அடித்தொண்டையில் கத்திப் பாடிய மெட்டல் இசை ஆல்பம் வெளியாகியிருந்தது. இடி போல டிரம்ஸ், அதற்குமேல் அலையலையாய் வயலின்கள். கேட்டவர்களின் கருத்துகளை அக்காவுக்கு வாசித்துக் காட்டினான். தொண்டையில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து அவள் பேசுவதில்லை.

"ஒருத்தன் காதே கிழிஞ்சிடுச்சுங்கறான்க்கா. ஆனா கடைசிப் பாட்டுல வர்ற பொம்பளைக் குரல் உருக்கிடுச்சாம்."

அடுத்தவரும் அதையேதான் எழுதியிருந்தார். அதற்கடுத்தவரும். அந்த ஆல்பத்தில் எந்தப் பெண்ணும் பாடவில்லை. அக்காவைப் பாடவைக்க நினைத்திருந்தான், நோய் முந்திக்கொண்டது.

பாட்டைப் போட்டான். அவனுக்கு வயலின்களும் தன் கத்தலும்தான் கேட்டன. அக்கா கண்களை மூடிக் கேட்டாள். முடிந்ததும் முகம் சுளித்தாள்.

"ரெண்டாவது அடியில சுருதி இறங்கிடுச்சுடா," என்றாள் கரகரத்த குரலில். "மைக்கை எடுத்து வை. திரும்பப் பாடறேன்."