ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று

விலை கூடின சாமானை வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரு கணவன் மனைவியிடம் கெஞ்சுவதைக் கடைக்காரர் இப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறார்.

மேஜையில், கடலுக்கடியில் நீந்தப் போகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் ஸ்கூபா ஜாக்கெட்டுகள் இரண்டு கிடந்தன. காற்றை ஏற்றினால் மேலே வரலாம், இறக்கினால் கீழே போகலாம். அவ்வளவுதான் அதன் வேலை.

ஒன்று சாது. தோளுக்கு இரண்டு வார், ஒரு காற்றுப் பை, ஏற்ற ஒரு பட்டன், இறக்க ஒரு பட்டன்.

இன்னொன்றில் இல்லாதது சமையலறை மட்டும்தான். முன்னும் பின்னும் காற்று வெளியேற வால்வுகள், ஆழம் போக மாட்டும் ஈயக் கட்டிகளை ஆபத்தில் ஒரே இழுப்பில் உதறிவிடக் கைப்பிடிகள், விசில், பைக்குள் பை.

கணவனால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. பக்கிளை மாட்டினான், கழற்றினான். எவ்வளவு சுலபம் பார் என்று கைப்பிடியை இழுத்துக் காட்டினான். ஈயக் கட்டி கடைக்காரரின் கால் விரலுக்கு ஒரு நூல் தள்ளி விழுந்தது.

மனைவி அசையவில்லை. சாதுவின் தையலைத் தடவிக்கொண்டு நின்றாள்.

போன வாரம் காது டாக்டர் அவனுடைய வலது செவிப்பறையை எட்டிப் பார்த்துவிட்டு, இனிமேல் கடலைக் கரையில் நின்று ரசிக்கலாம் என்று சொல்லியிருந்தார். அதை அவன் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. நாளைக் காலையில் படகு.

சொன்னால் அவள் போகமாட்டாள் என்பது ஒரு பயம். போய்விடுவாள் என்பது அதைவிடப் பெரிய பயம்.

கடலுக்கடியில் யாரும் ஒற்றையாகப் போவதில்லை. குதிப்பதற்கு முன் ஜோடியின் வாரையும் வால்வையும் தொட்டுப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். ஒருத்தர் தடுமாறினால் அடுத்தவர் கைக்கு அந்தப் பட்டன் தானாக அகப்பட வேண்டும். கல்யாணமானதிலிருந்து இவளுக்கு ஜோடி இவன்தான். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவள் ஜாக்கெட்டில் எது எங்கே என்று தடவாமல் சொல்வான். அவள் பிறந்தநாளைத்தான் ஒருமுறை மாற்றிச் சொல்லிவிட்டான்.

நாளை அவன் அங்கே இல்லையென்றால் அவன் வேலையை ஜாக்கெட்தான் பார்க்க வேண்டும். பின்பக்க வால்வு அவனுடைய ஒரு கை. கைப்பிடி இன்னொரு கை. விசில் அவன் வாய்.

ஆகவே நீரோட்டம் என்றான். பாதுகாப்பு என்றான். பை நிறைய இருக்கிறதே என்றான். கடலுக்கடியில் காய்கறியா வாங்கப் போகிறேன் என்று கேட்டுவிட்டு அவள் மறுபடி தையலைத் தடவினாள். வசதி கூடினால் அவசரத்தில் கை குழம்பும் என்று கடைக்காரர் வியாபாரத்தை மறந்து உண்மையைச் சொல்லிவிட்டார். அவன் முறைத்த முறைப்பில் உடனே திருத்திக்கொண்டு, சிலருக்குக் குழம்பாது என்றார்.

சாதுவைக் கட்டித் தரச் சொன்னாள் அவள்.

இனி மறைத்துப் பயனில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, டாக்டரிடம் போயிருந்தேன் என்று ஆரம்பித்தான். அவள் முடிக்க விடவில்லை.

“நீங்க டிவி வைக்கிற சத்தத்துலயே உங்க காது சங்கதி தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு எங்கூட இறங்கப்போறது உங்க தம்பி. சும்மா அது இதுன்னு இழுத்துக் காட்டுறீங்களே, உங்க தம்பிக்கு ரெண்டு பட்டனுக்கு மேல சொன்னா புரியுமா?”

நாலு நாளாகவே பேசி வைத்திருக்கிறாளாம்.

அவனுக்கு நல்ல காதும் ஒரு நிமிஷம் அடைத்துக்கொண்டது.

தம்பி தங்கமானவன். நன்றாக நீந்துவான், ஸ்கூபா பயிற்சிச் சான்றிதழைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறான். ஆனால் மாடிக்குப் போக லிஃப்ட்டில் கீழ் அம்பை அழுத்துகிறவன். லிஃப்ட் முதலில் கீழே வரவேண்டும் அல்லவா என்று விளக்கமும் கொடுப்பான்.

கணவன் சாதுவைக் கையில் எடுத்தான். இரண்டு பட்டன்களையும் மாறி மாறிப் பார்த்தான். வைத்துவிட்டுக் கடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

பிறகு கடைக்காரர் பக்கம் குனிந்து, இதிலேயே ஒரே பட்டன் வைத்தது ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான்.