கட்டைவிரலுக்கு அடியில்

கடலோர வானொலி நிலையத்தில் மாதத்தில் ஒருநாள், முன்கூட்டிச் சொல்லாமல், பேரலை எச்சரிக்கைக்கு ஒத்திகை நடக்கும். சைரன் ஓய்ந்ததும் அறிவிப்பாளர் ஜெசிந்தா அட்டையைப் பார்த்து வாசிப்பாள். கடல் ஏறி வருகிறது, எல்லோரும் உடனே மேட்டுக்குப் போங்கள் என்று தொடங்கும் அந்த அறிவிப்பு, 'இது ஒத்திகை மட்டுமே' என்ற வரியில் முடியும். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியை யார் கேட்பார்கள்? கரையை ஒட்டிய வீட்டில் அவள் கணவன் கிளாட்வின் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே கேட்பான். "நீ என்னதான் ஓடச் சொன்னாலும், கடைசி வரி வர்ற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்" என்று சிரிப்பான். இன்று நிலையப் பொறுப்பாளர் அருளானந்தம் ஒலிபரப்பு அறைக்குள் செருப்போடு வந்தார். அட்டையை அவள் முன்னால் வைத்து, கடைசி வரியின்மேல் கட்டைவிரலை அழுத்திக்கொண்டார். நகம் வெளுத்திருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. எப்போதும் போல, குரல் நடுங்காமல் வாசித்தாள். விரல் வரைக்கும் வந்து நின்றாள். விதிப்படி, இனி மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும்; அட்டையில் இல்லாத ஒரு சொல்லும் பேசக் கூடாது. ஆனால் கரை முழுக்க வீடு வீடாக, ரேடியோவுக்குப் பக்கத்தில், அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்கள். அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எந்திரிங்க," என்றாள். "அந்த வரி இன்னைக்கு வராது."