நின்றது நின்றபடி

அன்று காலை அவர் கடைசியாகச் செய்தது, என் ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தது.

சமதரை. ஸ்டாண்டு வேறு போட்டிருந்தது.

"ஓடிப் போயிடுமா அது?" என்றேன் வாசலில் நின்று.

"வண்டிய நம்பலாம். நிறுத்தினவனைத்தான் நம்பக் கூடாது." கல்லைக் காலால் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

பல வருடம் லாரி ஓட்டியவர். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு டிரெய்லர் கோத்து இழுக்கும் பெரிய வண்டிக்கு லைசென்ஸ் எடுக்க, பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தார். வீட்டில் எந்நேரமும் அதே பேச்சு. மகளின் பென்சில் பெட்டியையும் சோப்பு டப்பாவையும் மேசைமேல் வரிசையாக நிறுத்தி, பின்னால் எடுத்தால் எது எந்தப் பக்கம் திரும்பும் என்று காட்டுவார். சாப்பாடு ஆறிப்போகும்.

நிலைவாசலில் குனிந்துதான் வருவார், அவ்வளவு உயரம். பயிற்சி தரும் மாஸ்டரைச் சொல்லிச் சிரிப்பார்.

"மனுஷன் உன் உயரம்தான். அவர் இறங்கி நான் ஏறினா முட்டி ஸ்டியரிங்ல இடிக்குது. சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால தள்ளினாத்தான் எனக்கு மூச்சே வருது."

மத்தியானம் போன் வந்தது.

வண்டியில் அவர் மட்டும்தான் இருந்தார் என்றார் மாஸ்டர். முன் டிரெய்லரைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தினாராம். ஹேண்ட்பிரேக் போடாமல் இறங்கிவிட்டாராம். கொக்கி மாட்ட இரண்டு டிரெய்லருக்கும் நடுவில் போனபோது, வண்டி தானாகப் பின்னால் உருண்டதாம்.

பின் டிரெய்லரைக் கிரேன் வைத்து இழுத்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்த மாஸ்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் ஆபீஸ்ல டீ குடிச்சிட்டிருந்தேம்மா" என்று ஆரம்பித்து, போனில் சொன்னதையே ஒரு வார்த்தை பிசகாமல் திரும்பச் சொன்னார். மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பது போல.

போலீஸும் கவனக்குறைவு என்றே முடித்தது. என் அண்ணன்கூட, "மனுஷன்தானே, ஒரு நிமிஷம் மறந்திருப்பார், விடு" என்றான்.

ஸ்கூட்டருக்குக் கல் வைத்துவிட்டுப் போனவர்.

ராத்திரியெல்லாம் அழுத மகள் விடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பா மறந்துட்டாராம்மா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்வதற்குக் கையில் எதுவும் இல்லை.

கேபினில் அவர் பை கிடப்பதாக மாஸ்டர் சொன்னதால், காரியமெல்லாம் முடிந்தபின் பயிற்சி மைதானத்துக்குப் போனேன். ஓரத்தில் வண்டி நின்றது, சுற்றிலும் கயிறு. இன்சூரன்ஸ்காரர் பார்க்கும்வரை அசைக்கக் கூடாதாம்.

மாஸ்டர்தான் சாவியோடு வந்து கதவைத் திறந்தார். "நான் எடுத்துத் தர்றேம்மா" என்றார். "வேணாம்" என்று கம்பியைப் பிடித்து நானே ஏறினேன்.

பை பக்கத்து சீட்டில் இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவர் ஓட்டிய சீட்டில் கொஞ்சம் உட்கார்ந்தேன். பையில் அவர் வாசனை. கண் நிறைந்து, எதிரே கண்ணாடி மங்கிப்போனது.

கண்ணைத் துடைத்தேன். குனிந்து பார்த்தேன். அப்புறம்தான் கேட்டேன்.

"அன்னைக்கப்புறம் யாராவது இதுல ஏறினாங்களா மாஸ்டர்?"

"ஐயோ, ஒரு ஆள் ஏறலம்மா. போலீஸ்கூட வெளியில நின்னுதான் பார்த்தாங்க. சாவி என்கிட்டதான் இருக்கு. அவர் எப்படி விட்டுட்டு இறங்கினாரோ, உள்ள எல்லாம் அப்படியே இருக்கு."

சீட்டை நான் நகர்த்தவேயில்லை; என் பாதம் பிரேக்கின் மேல் முழுசாகப் பதிந்திருந்தது.