முதல் போணி

சாக்கடையோரத்துப் பெருச்சாளிக்குத் தொழில் சொல்லிக்கொடுத்ததே கொக்கு டீச்சர்தான். வாங்க வருபவர்களைப் பார்த்துச் சிரிப்பது, விலை சொல்வது, தினம் ஒரு பிடி அரிசி சேர்ப்பது, எல்லாம் அவள் பாடம். இரண்டு வருஷம் சேர்த்த அரிசியில் பெருச்சாளி கொழுக்கட்டைக் கடை போட்டாள். வாசனை பிடித்து வந்த முயலும் அணிலும் கடைக்காரி யாரென்று பார்த்ததும் நடையைக் கட்டினார்கள்.

மத்தியானம் கொக்கு வந்தாள். "கடை பளிச்சுன்னு இருக்கு. நீ ஜெயிச்சுட்டே."

பெருச்சாளிக்குப் போன உயிர் திரும்பியது. சூடாக ஒன்றை இலையில் வைத்து நீட்டினாள். "இன்னும் போணி ஆகலை டீச்சர். உங்க கையால ஆகட்டும்."

கொக்கு ஓரடி பின்னால் நகர்ந்தாள். "இன்னைக்கு எனக்கு விரதம்மா."

அவள் அலகில் மீன் செதில் ஒன்று ஈரமாக ஒட்டியிருந்தது. பெருச்சாளி அதைப் பார்த்தாள். பிறகு, சொல்லிக்கொடுத்தபடியே சிரித்தாள்.