அண்ணனின் ஜப்பான்

அண்ணனின் வீட்டை விட்டுப் போய்விடுவது என்று அவள் முடிவு செய்ததற்கு அண்ணி காரணம் இல்லை. அண்ணிகள்மேல் பழி போட்டே பழகிய உலகம் இதை நம்பாது. காரணம் சாட்சாத் அண்ணன்தான். இன்னும் சரியாகச் சொன்னால், ஜப்பான்.

கணவர் இறந்தபின், போன வருஷம் இரண்டு பெட்டியோடு இந்த வீட்டு மாடி அறைக்கு வந்தவள் அவள். அண்ணன் தங்கமான மனுஷர். லிஃப்ட் மெக்கானிக். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாது. ஆனால் ஐம்பது வயதில் ஒருவருக்கு இப்படியும் ஒரு கிறுக்கு பிடிக்குமா?

காலையில் பல் துலக்கும்போதே ஆரம்பித்துவிடும். ஐந்தாறு ஜப்பான் பெண்கள் சேர்ந்துகொண்டு, யாரோ உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டுவதுபோலத் துள்ளித் துள்ளிப் பாடுவார்கள். வீட்டில் அது. காரில் அவளைப் பல் ஆஸ்பத்திரியில் இறக்கிவிடும் வரைக்கும் அது. வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, வந்தவரின் பெயரைக் கேட்கும்போதும் அந்தக் கூட்டம் அவள் காதுக்குள் குதித்துக்கொண்டிருக்கும்.

அந்தக் குழுவில் நடுவில் நிற்கும் பெண் ஒருநாள் விலகிவிட்டாளாம். அன்றைக்கு அண்ணன் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

சாயங்காலமானால் கறுப்பு வெள்ளையில் ஏதாவது பழைய ஜப்பான் படம். கீழே எழுத்து வருகிற மாதிரி வைக்கலாமே என்று கேட்டால், எழுத்தைப் படித்தால் நடிப்பைப் பார்க்க முடியாது என்பார். சரி, நடிப்பையாவது பார்க்க விடுவாரா? படத்தில் யாராவது கண்ணைக் கசக்க ஆரம்பித்தால் போதும், அவசரமாக ஓட்டிவிட்டு, குதிரைகள் ஓடுகிற இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவார். குதிரை யாருடையது, எதற்கு ஓடுகிறது, ஒரு மண்ணும் தெரியாது.

இந்த ஞாயிற்றுக்கிழமைதான் அவள் பொறுமை போனது.

டவுனில் பழைய சிடி விற்கும் கடைகளுக்குப் போக வேண்டும், நீயும் வா என்று அண்ணன் பிடிவாதமாகக் கிளப்பினார். முதல் கடை மூன்றாவது மாடி. லிஃப்ட் பழுது. லிஃப்ட் மெக்கானிக்கின் தங்கை மூச்சு வாங்கிக்கொண்டே படியேறினாள்.

மேலே போனால், அண்ணன் ஒவ்வொரு சிடியாக எடுத்துக் கடைக்காரரைப் போட்டுக் காட்டச் சொன்னார். பாடுகிறவள் கொஞ்சம் இழுத்தால் போதும், கையை ஆட்டிவிடுவார். "சோகம் வேணாங்க. துள்ளலா இருக்கிறதா குடுங்க." அங்கே கிடைத்தது ஒன்றுதான் என்று அடுத்த கடை. அதற்கடுத்த கடையில் அவள் செருப்பு வார் அறுந்தது. அண்ணன் அதைக் கவனிக்கவே இல்லை. கையில் இருந்த சிடி உறையைப் பார்த்துக் குழந்தை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது காரில் அந்தப் பெண்கள் ஆரம்பித்தார்கள். அவள் பட்டென்று அணைத்தாள்.

"அண்ணா, அந்த வீட்டில ஒண்ணு இந்தப் பாட்டு இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

அண்ணன் காரின் வேகத்தைக் குறைத்தார். "உனக்குப் பிடிக்கலையாம்மா?"

"பிடிக்கிறதுக்கு ஒரு வார்த்தையாவது புரிஞ்சாத்தானே?"

அதைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்த மாதிரி இருந்தது. அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்த கையோடு அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பெண்கள் விடுதியில் இடம் இருப்பதாக நர்ஸ் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். இத்தனை நாள் வேண்டாம் என்று தள்ளிப் போட்டது தப்பு.

காய்ந்த துணிகளோடு மேலே வந்த அண்ணி, பெட்டியைப் பார்த்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. உங்களால எனக்கு ஒரு குறையும் இல்ல. அண்ணனோட கிறுக்கைத்தான் தாங்க முடியல. கல்யாணத்துக்கு முன்னாடி எங்ககூட இருந்தப்போ நல்லாத்தானே இருந்தார்? நம்ம பழைய பாட்டுன்னா உயிரை விடுவாரே. அந்த சிடி எல்லாம் எங்க போச்சு?"

"பரண்ல இருக்கு. மூட்டை கட்டிப் போட்டுட்டார்."

"இந்த ஜப்பான் பாட்டு அவ்வளவு பிடிச்சுருச்சாக்கும்."

"எங்க பிடிச்சுது? முதல் ஒரு மாசம் காதுல பஞ்சு வச்சுக்கிட்டுத்தான் கேட்டார். பைத்தியம் முத்தினதெல்லாம் அப்புறம்தான்."

அவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை. "பிடிக்காததை எதுக்கு அண்ணி வீடே அலறப் போடணும்?"

அண்ணி ஒரு புடவையை எடுத்து மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியமே வாங்கியிருக்கார். நீ இங்க வந்த புதுசுல, ஒரு நாள் காலையில ரேடியோல ஒரு பழைய பாட்டு வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அவள் கணவர் சவரம் செய்யும்போதெல்லாம் முணுமுணுக்கிற பாட்டு. அன்றைக்குப் பாத்திரத்தோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்தவள், சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

"அன்னிக்கே அவர் பாட்டு அத்தனையும் பரண் ஏறிடுச்சு. ஆனா வீடு சத்தமில்லாம ஆனதும் நீ இன்னும் அதிகமா அழுதே. மறுநாளே டவுனுக்குப் போயி கடை கடையா ஏறி இறங்கினார், 'என் தங்கச்சிக்கு ஒரு வார்த்தைகூடப் புரியக் கூடாது, அந்த மாதிரி ஏதாவது பாட்டு இருக்கா'ன்னு கேட்டுக்கிட்டு."