வேண்டாம் என்று எழுதுகிறவர்

"ஆர்லோ, நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

நகராட்சி அலுவலகம் இன்னும் திறக்கவில்லை. வாசலில் மடக்கு நாற்காலி போட்டு முதல் ஆளாக உட்கார்ந்திருந்த ஆர்லோ, பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து வீட்டுத் தெல்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"காலங்காத்தால என்ன தெல்மா?"

"நகராட்சி முதியோர் வேனுக்கு எதிரா எழுதிக் குடுக்கத்தானே வந்திருக்க? அந்த வேன் நின்னுபோனா என் வீட்டுக்காரரை டயாலிசிஸுக்கு யாரு கூட்டிட்டுப் போவா? நீ தூக்கிட்டுப் போவியா?"

"வரின்னா திருட்டு, தெல்மா. நல்ல காரியத்துக்குத் திருடினாலும் திருட்டுதான்."

அல்மெண்ட்ரோ நகரத்தில் இந்த வசனத்தைக் கேட்காத காது கிடையாது. பூங்காவா, தீயணைப்பு வண்டியா, நூலகத்துக்குக் கூரையா, எது வாக்கெடுப்புக்கு வந்தாலும் ஆர்லோ எதிர்ப்பார். வாக்கெடுப்புக்கு முன் வீட்டுக்கு வீடு ஒரு கையேடு வரும். அதில் ஆதரித்து ஒரு பக்கம், எதிர்த்து ஒரு பக்கம். எதிர்க்கிற பக்கம் யார் முதலில் எழுதிக் கொடுக்கிறாரோ அவருக்கு. பல வருடங்களாக அது ஆர்லோவின் ஏகபோகம். வேறு யாரும் ஆசைப்பட்டதில்லை.

இந்த முறை ஒருவர் ஆசைப்பட்டார். கோட்டும் சூட்டுமாகக் காரிலிருந்து இறங்கினார் ப்ரெஸ்டன் ஹேல், கடைக்காரர்கள் சங்கத்தின் வக்கீல். வேனுக்காக விற்பனை வரியைத் துளி கூட்டுவது சங்கத்துக்குப் பிடிக்கவில்லை.

"ஆர்லோ சார், நாம ரெண்டு பேரும் ஒரே பக்கம்தான். இந்த ஒரு தடவை எனக்கு வழி விடுங்க. நான் எழுதினதைப் படிச்சுப் பாருங்களேன்."

ஆர்லோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். முதியவர்கள் மேல் பாசம் பொங்க எழுதியிருந்தார் வக்கீல். வேனை நிறுத்தச் சொல்லவே இல்லை. இதைவிட நல்ல திட்டம் வரும், அதுவரை பொறுத்திருப்போம் என்றுதான் சொல்லியிருந்தார். அந்தத் திட்டம் என்ன, எப்போது வரும் என்று சொல்ல மட்டும் பக்கத்தில் இடம் போதவில்லை போலிருக்கிறது.

"பிரமாதம் தம்பி. எனக்கே கண்ணு கலங்குது. ஊரே நம்பிடும்."

"அப்ப நாற்காலியை மடக்கலாமா?"

"அதெப்படி? முதல்ல வந்தவன் நான். தனிமனுஷன் உரிமையில சங்கமெல்லாம் தலையிடக் கூடாது."

வக்கீல் கெஞ்சினார், முறைத்தார், விருந்துக்குக்கூடக் கூப்பிட்டார். ஆர்லோ அசையவில்லை. கதவு திறந்ததும் உள்ளே போய்த் தன் காகிதத்தை நீட்டினார். அதிகாரி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

"கல்நெஞ்சுக்காரன்!" தெல்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "உன் பேரு அச்சுல வரணும், அதுக்கு யார் செத்தா உனக்கென்ன!"

கையேடு வந்தது. ஆர்லோ வழக்கம்போல வெளுத்து வாங்கியிருந்தார்.

'வேன் வேண்டாம். நடைபாதையும் வேண்டாம், வேண்டுமென்றால் அவரவர் வீட்டு முன்னால் அவரவர் போட்டுக்கொள்ளட்டும். சிவப்பு விளக்கில் நிற்கச் சொல்ல நகராட்சி யார்? பூங்காக் குளத்து வாத்துகளை உடனே ஏலம் விட வேண்டும்.'

முடிதிருத்தும் கடையில் ஒருவர் இதை உரக்கப் படிக்க, பாதிச் சவரத்தோடு மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வேனைப் பற்றி அதுவரை எந்த முடிவுக்கும் வராதவர்கள், வாத்துகளைப் படித்ததும் முடிவுக்கு வந்தார்கள்.

வேன் வரி மயிரிழையில் ஜெயித்தது.

மறுநாள் தெல்மா வேலி மேல் சாய்ந்துகொண்டு கூவினாள். "என்ன ஆர்லோ, மண்ணைக் கவ்வினியா?"

"கவ்வினேன்." ஆர்லோ தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த வக்கீலை எழுத விட்டிருந்தா ஜெயிச்சிருப்பீங்க. நல்லவேளை, உன் வறட்டுக் கௌரவம் எங்களைக் காப்பாத்திச்சு."

"சந்தேகமே இல்ல. அவன் எழுதினது வந்திருந்தா வேன் நின்னிருக்கும்."

"அது தெரிஞ்சுமா வழி விடல?"

ஆர்லோ குழாயை மூடினார். "இத்தனை வருஷமா எழுதறேன். நான் வேண்டாம்னு எழுதினது ஏதாவது ஒண்ணை இந்த ஊரு வேண்டாம்னு சொல்லியிருக்கா, தெல்மா?"

தெல்மா யோசித்தாள். பூங்கா இருந்தது. தீயணைப்பு வண்டி இருந்தது. நூலகம் ஒழுகவில்லை.

"அடப்பாவி மனுஷா... அப்ப நீயும் வேனுக்குத்தான் ஓட்டுப் போட்டியா?"

"சீச்சீ! எதிர்த்துதான் போட்டேன்," என்றார் ஆர்லோ. "மனுஷனுக்குக் கொள்கைன்னு ஒண்ணு வேணாமா?"